சின்ன மாப்பிள்ளையின் பழைய நிறை

எங்கள் கரையோரத்து ஊர்களில் ஒரு மருமகன் என்ன குற்றமும் செய்யலாம். சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வரலாம். மாமாவின் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் வாய்க்காலில் விடலாம் (நான் விட்டிருக்கிறேன்). பெருநாளன்று பகல் முழுக்கத் தூங்கலாம். எல்லாம் மன்னிக்கப்படும். ஆனால் மாமி போடும் சோற்றைப் பற்றி மட்டும் குறைவாக ஒரு வார்த்தை வரக்கூடாது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு கணினியைச் சொல்ல வைத்தேன். அதுவும் என் சொந்தக் குரலில், ஓர் ஆஸ்பத்திரி வாட்டு நிறைய ஆட்களுக்கு முன்னால்.

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வடக்கில் சண்டை முடியப் போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்து போய், மறுபடி ஏறுவது இன்னும் நிற்கவில்லை. சுனாமிக்கென்று வந்த வெளிநாட்டு நிறுவனங்களில் பாதி மூட்டை கட்டிவிட்டன. போகாமல் மிஞ்சியிருந்த ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வாட்டு வாட்டாகப் போய், நோயாளிகளில் யாருக்குப் போசாக்குக் குறைவு என்று கண்டுபிடிக்க வேண்டும். காய்ச்சலுக்கென்று வந்த மனிதர் கட்டிலில் கிடந்தபடியே மெலிந்து போவது யார் கண்ணிலும் படுவதில்லை, கணினி அதைப் பிடித்துவிடும் என்பது அவர்களின் திட்டம். என் பதவிக்குப் போசாக்குக் கண்காணிப்பு இணைப்பாளர் என்று பெயர். அந்தப் பெயர் எழுதிய அட்டையை நான் குளிக்கும்போது மட்டும்தான் கழுத்திலிருந்து கழற்றினேன்.

கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். திரையில் தொட்டு எழுத ஈர்க்கு மாதிரி ஒரு குச்சி. கம்பியால் இணைத்த ஒரு தராசு. ஆளை ஏற்றி நிறுத்தால் நிறை தானாகவே கணினிக்குள் போய்விடும். உயரத்தை நாங்கள் எழுத வேண்டும். பிறகு அது இரண்டு கேள்வி கேட்கும். சில மாதங்களுக்கு முன் என்ன நிறை இருந்தீர்கள்? வழக்கமாகச் சாப்பிடுவதில் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்? விடையைக் கொடுத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவதொன்று எரியும். பழக்கித் தந்த வெள்ளைக்காரப் பெண்மணி, நோயாளி தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்க வேண்டும் என்று பல தடவை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆங்கிலத்தில் யார் எதைச் சொன்னாலும் அந்தக் காலத்தில் நான் தலையை ஆட்டுவேன்.

சும்மா விளக்கு எரிந்தால் எங்கள் சனத்துக்கு என்ன விளங்கும் என்று, முடிவைத் தமிழில் பேசவும் வைத்தது நான்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு ரேடியோவில் செய்தி வாசிக்கும் ஆசை. ஸ்டோர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு, தொண்டையைச் சரி செய்து, மூன்று நிறத்துக்கும் மூன்று அறிவிப்புப் பதிந்தேன். சிவப்பு அறிவிப்பில் எனக்குத் தனிப் பெருமை. அதை இரண்டு தடவை ஒலிக்கும்படி வைத்தேன்.

இனி மாமி வீட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் ஆண்தான் வீடு மாறிப் போக வேண்டும். சாய்ந்தமருதில் மாமிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளை நான் முடித்தேன். மாமியின் கைச் சமையல் அந்த வட்டாரம் முழுக்கப் பேர்போனது. அந்த வீட்டில் நான் காலடி வைத்தபோது இருந்த காற்சட்டைகளை எல்லாம் இரண்டே வருடத்தில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கதை நடக்க நாலு மாதத்துக்கு முன்னால் இளையவளையும் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை மருதமுனையைச் சேர்ந்த நிஸார், ரேடியோ, டீவி திருத்துகிற பெடியன். அவனுடைய வாப்பாவையும் ஒரே தங்கச்சியையும் சுனாமி கொண்டுபோயிருந்தது. உம்மா மட்டும் ஊரோரத்தில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டில் இருந்தார். நிஸார் வந்த நாளிலிருந்து ஆட்டுத் தலையும் மீன் சினையும் அவன் பக்கம் திரும்பிவிட்டன. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த நிஸாருக்குக் கிட்னியில் கல் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். வலி வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்துவான். வலி போனால் நன்றாகத்தான் இருப்பான். பகல் பார்க்க விடுகிற நேரத்தில் ஒரு பக்கம் மாமி சோற்றுக் கரியரோடு வந்தார், மறு பக்கம் நிஸாரின் உம்மா கரியரோடு வந்தார். கூடவே நிஸாரின் பெண்சாதி, என் பெண்சாதி. குடும்பம் முழுக்க ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. நான் பார்க்கிற உத்தியோகத்தை இவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று எனக்குத் தோன்றியது. தராசை உருட்டிக்கொண்டு போனேன்.

நிஸார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "காக்கா, மறுகா செய்யலாமே. ஆக்கள் இரிக்கி." (காக்கா என்றால் அண்ணன், மறுகா என்றால் பிறகு.)

"ஆக்கள் இருந்தா என்ன? இது கம்பியூட்டர். ஒழும்பி ஏறுங்க."

ஏறினான். அறுபத்து மூன்று கிலோ. உயரத்தையும் எழுதினேன். அந்த உயரத்துக்கு அந்த நிறை நல்ல நிறை. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கணினியில் பழைய நிறைக்கான பெட்டி வெறுமையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதை நிரப்பாமல் அது அடுத்த கேள்விக்குப் போகாது.

"கலியாணத்துக்கு முந்தி எத்தின கிலோ இருந்தீங்க?"

"தெரியா காக்கா. நிறுத்ததில்ல."

"எண்பது," என்றார் அவனுடைய உம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். "எண்பதா சாச்சி?"

"எண்பது இரிக்கும். கூட இரிக்குமே தவிரக் கொறயா. பெத்த எனக்குத் தெரியாதா?"

கலியாணத்தன்று நிஸாரை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். கொடியில் காயப் போட்ட சட்டைக்கும் அவனுக்கும் அதிக வித்தியாசம் இருக்கவில்லை. ஆனாலும் எழுதினேன். வீடு மாறிப் போன மகனின் பழைய நிறையை அவனைப் பெற்ற உம்மாவிடம் கேட்பதும், மீன் இன்று பிடித்ததா என்று மீன் விற்கிறவரிடம் கேட்பதும் ஒன்றுதான். கணினிக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த கேள்விக்கு வந்தேன். "ஒரு நேரத்துக்கு இப்ப எவ்வளவு சாப்பிடுறீங்க? முழுசா, முக்காலா, அரையா, காலா?"

நிஸார் உம்மாவைப் பார்த்தான். மாமியைப் பார்த்தான். நிறையச் சாப்பிடுகிறேன் என்றால், மகன் நம் கையை மறந்துவிட்டான் என்று உம்மா நினைப்பார். குறையச் சொன்னால் மாமியின் முகம் என்னாகும்? அவன் புது மாப்பிள்ளை. இரண்டாம் தரம் சோறு போட வரும்போது புது மாப்பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற சொல்லையே அவனும் சொன்னான்.

"கொஞ்சம்."

கொஞ்சம் என்றொரு பெட்டி கணினியில் இல்லை. கால் என்பதைத் தொட்டேன்.

சிவப்பு எரிந்தது. வாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் என் குரல் கேட்டது. "கடுமையான போசாக்கின்மை. உடனடிக் கவனிப்புத் தேவை." நிறுத்தப் பார்த்தேன். அவசரத்தில் குச்சி கட்டிலுக்கடியில் விழுந்துவிட்டது. நான் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து இன்னொரு தடவை, எழுத்தெழுத்தாக, நிதானமாக, "கடுமையான போசாக்கின்மை. உடனடிக் கவனிப்புத் தேவை."

எழுந்து பார்த்தபோது நிஸாரின் உம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் நெனச்ச," என்றார். "அல்லாவே, நான் அப்பவே நெனச்ச. நாலு மாசத்துல என்ட புள்ளய என்ன கோலமாக்கிப் போட்டாங்க."

மாமி சம்பந்தியின் பக்கம் திரும்பினார். பேசாமலே இருந்திருக்கலாம். "மச்சி, காலைக்கு இடியப்பம் பத்துக்குக் கொறயாமச் சாப்பிடுவாரு. பகலைக்கு மீன் ஆணம், பொரியல், முட்ட. ராவைக்குப் புட்டும் இறைச்சியும்..."

"எண்ணி எண்ணியா போடுறீங்க?"

மருமகன் தின்பதைக் கணக்கெடுக்கும் மாமி என்ற பேர், சோறு போடாத மாமி என்ற பேரைவிடக் கேவலமானது. ஒரு நிமிடத்துக்குள் அந்த இரண்டு கெட்ட பேரும் மாமிக்கு வந்து சேர்ந்துவிட்டன. பக்கத்துக் கட்டில்களைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சாய்ந்தமருது, மிச்சம் மருதமுனை. அஸர் தொழுகைக்குள் இரண்டு ஊருக்கும் கதை போய்விடும்.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் போடுறாங்களா?" நிஸாரின் உம்மா இப்போது என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் பார்த்தார். "மூத்த மருமகனும் ஏறட்டும் பாப்பம்."

"சாச்சி, இது நோயாளிக்கு மட்டுந்தான்."

"அதுவும் நாயந்தானே," என்றார் எதிர்க் கட்டில் கிழவர், ஹேர்னியாவுக்கு வெட்டிப் படுத்திருந்தவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. "ஏறுங்க தம்பி. ஏறினாத் தெரிஞ்சிரும்."

ஏறினேன். வேறு வழி இருந்திருக்கும், எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. தொண்ணூற்று நாலு கிலோ. பச்சை எரிந்தது. நான் ஸ்டோர் அறையில் ஆசையாகப் பதிந்த குரல், "போசாக்கு நிலை திருப்தி. இதே முறையில் தொடரவும்," என்றது. வாட்டு முழுக்கச் சிரித்தது. சேலைன் மாற்ற வந்த தாதி மிஸ்ஸி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். சிரிக்காதவர் நிஸாரின் உம்மா ஒருவர்தான்.

"எங்க போற சோறெண்டு இப்ப விளங்கிட்டு," என்றார் அவர். "நாளைக்குத் துண்டு வெட்டினா என்ட புள்ள என்ட வீட்டதான் வருவான்."

(துண்டு வெட்டுவது என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுவது.) கேட்கச் சாதாரணப் பேச்சு. எங்கள் பக்கம் அது சாதாரணமில்லை. கட்டி நாலு மாதத்தில் மாப்பிள்ளையை உம்மா திருப்பி அழைத்துக்கொண்டு போனால், பள்ளிவாசலில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டி வரும். பேசி முடிந்தாலும் பெண்ணின் பேர் கெட்டதுதான். என் மச்சினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிஸார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாமி கொண்டுவந்த கரியரைத் திறக்காமலே தூக்கிக்கொண்டு போனார். என் பெண்சாதி கடைசியாகப் போனாள்.

"நீங்க இனி வீட்ட வராதீங்க," என்றாள். "அந்த மிஷினோடயே படுங்க."

அன்று பகல் எனக்குச் சோறில்லை. கன்டீனில் ஒரு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு ஸ்டோர் அறையில் உட்கார்ந்திருந்தேன். நிஸாரின் பதிவை அழிக்கலாமென்று பார்த்தால் அது அதற்குள் கொழும்புக்குப் போய்விட்டிருந்தது.

பின்னேரம் பார்க்க விடும் நேரம் வந்தது. மாமி முதல் ஆளாக வந்தார். ஒரு கையில் கரியர், மற்றக் கையில் ஒரு பெரிய பை. நிஸாரின் உம்மா வரும் வரைக்கும் பேசாமல் காத்திருந்தார். அவர் வந்ததும் பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்து உதறினார். நிஸாரின் கலியாணக் கோட்டு, உடம்புக்கு அளவெடுத்துக் கல்முனையில் தைத்தது.

"மருமகன், ஒழும்புங்க. இதப் போடுங்க."

சாரனும் வெறும் மேலுமாக இருந்த நிஸார் கையில் குத்தியிருந்த ஊசி அசையாமல் மெல்ல மெல்லக் கோட்டுக்குள் நுழைந்தான். கை புகுந்தது. தோள் இறுகியது.

"தெறியப் பூட்டுங்க."

பூட்ட முடியவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தான், வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தான். பொத்தானுக்கும் துளைக்கும் நடுவில் ஒரு சாண் வயிறு நின்றது. எதிர்க் கட்டில் கிழவர் எக்கிப் பார்த்துவிட்டு, "இனிக் கதையில்ல," என்று தீர்ப்புச் சொன்னார்.

"எண்பது கிலோ ஆள் போட்ட கோட்டு மச்சி," என்றார் மாமி. "இப்ப என் சோத்தத் திண்டு மெலிஞ்சி போனவருக்கு ஏன் பூட்டுப்படல்ல?"

வெட்கமே இல்லாமல் நான் நடுவில் புகுந்து, "நானும் அப்பவே நெனச்ச மாமி," என்றேன். மாமி என் பக்கம் திரும்பவுமில்லை. அத்தோடு விஷயத்தை முடித்திருந்தால் வென்றது மாமி. ஆனால் பகல் பட்ட அவமானம் அவருக்கு ஆறவில்லை.

"நிறுக்காமக் கதைக்கக் கூடா. மிஷினக் கொண்டாங்க. நானும் ஏறுறன், மச்சியும் ஏறட்டும். ஆர்ர வீட்டுல அடுப்பெரியுதெண்டு அதுவே சொல்லட்டும்."

கொண்டுவந்தேன். மாமி ஏறினார். பச்சை. "இதே முறையில் தொடரவும்." வாட்டு மறுபடி சிரிக்கத் தயாரானது.

"எனக்கென்னத்துக்கு? நான் நோயாளியா?" என்றார் நிஸாரின் உம்மா. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் தோற்றதாகிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு, அபாயாவைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

முப்பத்து நாலு.

தராசு பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். "இறங்கி ஒருக்கா ஏறுங்க சாச்சி." இறங்கி ஏறினார். முப்பத்து நாலு. அந்த அகலமான அபாயாவுக்குள் இவ்வளவுதான் மனுஷி இருக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பழக்க தோஷத்தில் கேள்வியைக் கேட்டேன். "முந்தி எத்தின கிலோ இருந்தீங்க?"

"தெரியா தம்பி." தன் நிறையை அவர் ஒரு கிலோவும் கூட்டிச் சொல்லவில்லை.

"தெரியா" என்றொரு பெட்டி இருந்தது. தொட்டேன். "சாப்பாடு எப்பிடி?"

"தனியொராளுக்கு என்னத்துக்கு அடுப்பு மூட்டுற? பாணும் பிளேன்டீயும் போதும்." (பாண் என்றால் கடை ரொட்டி, பிளேன்டீ என்றால் பால் விடாத தேநீர்.)

"அது ராவைக்கு. பகலைக்கு?"

"அதுதான் சொல்றனே, பாணும் பிளேன்டீயும்." குரல் இறங்கிவிட்டது. "இவன் இருக்கும்வரைக்கும் ஆக்கின. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டாறத்துக்குத்தான் மறுகா அடுப்பு மூட்டின."

நான் தொட்டேன். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்று பகலிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவன், மறந்துவிட்டேன். "கடுமையான போசாக்கின்மை. உடனடிக் கவனிப்புத் தேவை." அதே குரல், அதே நிதானம், அதே இரண்டு தடவை. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. செய்தி வாசிக்கும் ஆசை எனக்கு அன்றோடு போனது. அந்தக் குரலைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பூட்டாத கோட்டோடு நிஸார் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாக அழுதான். "வெள்ளிக்கு வெள்ளி வந்து கேட்டன்தானே உம்மா, சாப்பிட்டயாண்டு."

"சாப்பிட்டண்டு சொன்னன்தானே," என்றார் உம்மா.

மாமி என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் வாட்டின் கடைசியிலிருந்த பைப்பில் கையைக் கழுவிவிட்டு வந்தார். மருமகனுக்கென்று கொண்டுவந்த கரியரைத் திறந்தார். சோற்றில் மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்தார். முள் இருக்கிறதா என்று விரலால் பார்த்தார்.

"வாயத் தொறங்க மச்சி."

"நான் என்ன புள்ளயா?"

"தொறங்க. மிஷின் சொல்லிட்டுதானே."

திறந்தார்.

அன்றிரவே டொக்டர் அவரையும் பெண்கள் வாட்டில் படுக்க வைத்துவிட்டார். உடம்பில் இரத்தம் மிகக் குறைவு, இன்னும் கொஞ்சக் காலம் இப்படியே போயிருந்தால் ஒருநாள் வீட்டுக்குள் விழுந்து கிடந்திருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது என்றார். நிஸாரை யாரும் எங்கேயும் அழைத்துக்கொண்டு போகவில்லை. பள்ளிவாசலில் யாரும் கூடிப் பேசவுமில்லை. கொழும்பில் மட்டும் நிஸார் கடும் போசாக்கின்மை நோயாளியாகவே இருந்தான். அவனுக்கென்று நிறுவனத்திலிருந்து பெட்டி பெட்டியாக, உடம்பு தேற்றும் கடலைப் பசை வந்தது. அவன் அதையும் தின்றான். கோட்டை அதற்குப் பிறகு அவன் போட்டுப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி மாமி எவ்வளவோ கேட்டார். மகனின் பெண்சாதி வீட்டில் போய் இருக்கிற உம்மாவைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று நிஸாரின் உம்மா மறுத்துவிட்டார். சரி, அப்படியானால் சோறு அங்கே வரும் என்றார் மாமி. கொண்டுபோகும் பொறுப்பு, எல்லாவற்றையும் தொடக்கி வைத்த எனக்குத் தரப்பட்டது. அன்றிலிருந்து இன்று வரை பகல் தொழுகை முடிந்ததும் என் மோட்டார் சைக்கிளில் ஒரு கரியர் தொங்கும். சண்டை முடிந்தது, சோதனைச் சாவடிகள் போயின, நிறுவனம் கருவிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போனது, என் பதவியும் அட்டையும் போயின. கரியர் மட்டும் போகிறது. என் தலை தெரிந்தால் அந்தத் தெருப் பிள்ளைகள், "உடனடிக் கவனிப்பு வருது," என்று கத்துவார்கள். என் வீட்டிலும் யாராவது கோப்பையில் சோறு மிச்சம் வைத்தால், என் பிள்ளைகள் தொண்டையைச் சரி செய்துகொண்டு என் குரலில் அறிவிப்பு வாசிப்பார்கள், இரண்டு தடவை.

பெருநாளைக்கு நிஸாரின் உம்மா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கல்முனைக் கடையில் வாங்கிய முள் வைத்த தராசொன்றை மாமி அன்றைக்கு அலுமாரிக்கடியிலிருந்து இழுத்துப் போடுவார். சாப்பாடு முடிந்ததும் நிஸாரின் உம்மா ஏறுவார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவருக்கு முள் தெரியாது.

"எத்தின மச்சி?"

மாமி குனிந்து பார்ப்பார். "எண்பது."

"எண்பதா?"

"எண்பது இரிக்கும். கூட இரிக்குமே தவிரக் கொறயா."

முள் ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நிற்கும். பக்கத்தில் நிற்கிற எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.